மூடுபனியில் தரையோட்டம்: லினாட்டேயில் அந்தச் சிறிய விமானம் எங்கே நின்றது?

மேகவாசி (இழையைத் தொடங்கியவர்)

2001 அக்டோபர் 8 அன்று காலை, மிலான் நகரின் லினாட்டே விமான நிலையத்தில் நடந்த மோதலைப் பற்றிய இத்தாலிய விசாரணை அறிக்கையை அண்மையில் மீண்டும் வாசித்தேன். நிகழ்வை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடும் மூடுபனி, இருநூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலை. கோபன்ஹேகனுக்குப் புறப்பட்ட ஸ்காண்டிநேவியன் நிறுவனத்தின் எம்டி-87 விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது, பாரிஸ் செல்லவிருந்த ஒரு சிறிய செஸ்னா சைட்டேஷன் விமானம் அதே ஓடுபாதைக்குள் குறுக்காக நுழைந்தது. வலப்பக்க எஞ்சினையும் சக்கரத்தொகுதியையும் இழந்த எம்டி-87 சில நொடிகள் மட்டுமே எழும்பிவிட்டுத் தரையில் விழுந்து, ஓடுபாதை முனைக்கு அப்பால் இருந்த பயணப்பொதிக் கட்டடத்தில் மோதியது. இரு விமானங்களிலும் இருந்த 114 பேரும், கட்டடத்தில் பணியில் இருந்த 4 பேரும் இறந்தனர்.

செஸ்னாவுக்குக் கொடுக்கப்பட்ட வழி ரோமியோ 5. அது வடக்கே சென்று ஓடுபாதையின் முனையைச் சுற்றிப் போகும் டாக்ஸிவே, அதாவது விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும் பாதை. அவர்கள் சென்றதோ ரோமியோ 6. அது ஓடுபாதையைக் குறுக்காகக் கடப்பது. நிறுத்துமிடத்திலிருந்து வரும் மஞ்சள் கோடு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. அங்கே தவறான கிளையைப் பிடித்துவிட்டார்கள். இந்த விபத்தைப் பற்றிய பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

எனக்கு உறுத்தலாக இருப்பது அதற்குப் பிறகு வானொலியில் நடந்த உரையாடல். செஸ்னா விமானி, ஓடுபாதையை நெருங்குவதாகவும் தாம் 'சியரா 4' என்ற குறியீட்டுக்கு அருகில் இருப்பதாகவும் உண்மையையே சொன்னார். தரையில் அந்தக் குறியீடு எழுதப்பட்டிருந்தது. ஆனால் கோபுரத்தில் இருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர்களிடம் இருந்த வரைபடத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை. விமானம் வடக்கே ரோமியோ 5இல்தான் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டே, சற்று நேரத்தில் மேலே செல்ல அனுமதி கொடுத்தார்கள். விமானம் எங்கே நிற்கிறது என்பதைச் சரியாகச் சொல்லும் தகவல் காதில் விழுந்தும் அது பயன்படாமல் போன இந்த இடத்தைப் பற்றித் துறை சார்ந்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எதிர்க்கேள்வி

கட்டுப்பாட்டாளர்மீது அனுதாபமும் கேள்வியும் எழுப்புவதற்கு முன், செஸ்னா விமானிகளைப் பற்றி அதே அறிக்கை சொல்வதையும் பதிவு செய்ய வேண்டும். அன்று காலை அவர்கள் கொலோனிலிருந்து வந்து லினாட்டேயில் இறங்கியபோதே காண்புநிலை அவர்களுடைய தகுதிக்குக் கீழே இருந்தது. 550 மீட்டருக்குக் குறைவான ஓடுபாதைக் காண்புநிலையில் இறங்குவதற்கான பயிற்சியோ அனுமதியோ அவர்களுக்கு இல்லை. இறங்கியதும் குற்றம், மீண்டும் புறப்பட்டதும் குற்றம். அதற்கு மேல், கொடுக்கப்பட்ட கட்டளையைத் திருப்பிச் சொன்னபோது 'வடக்கே' என்பதையும், ஓடுபாதையின் 'நீட்சிப் பகுதியில் உள்ள நிறுத்தக்கோடு' என்பதையும் விட்டுவிட்டு, 'முதன்மை ஓடுபாதையை அடையும் முன் அழைக்கிறோம்' என்று மட்டும் சொன்னார்கள். அந்த இடத்தில் இருக்கவே கூடாதவர்கள் வந்து நுழைந்ததால் நடந்த விபத்துக்கு விமான நிலையத்தின் பெயர்ப்பலகையைக் குறை சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கோபுரம்_ஓய்வு

நண்பர் எதிர்க்கேள்வி சொல்லும் உண்மைகளில் பிழை இல்லை. ஆனால் அந்த உண்மைகள் எதைக் காட்டுகின்றன என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. தகுதியில்லாத ஒரு குழு கடும் பனியில் இறங்குகிறது, யாரும் கேட்கவில்லை. அரைகுறையாகக் கட்டளையைத் திருப்பிச் சொல்கிறது, யாரும் திருத்தவில்லை. திருப்பிச் சொல்வதைக் கேட்டுச் சரிபார்ப்பது கட்டுப்பாட்டாளரின் வேலை. நான் பணியில் இருந்த காலம் முழுவதும் இளையவர்களுக்கு முதலில் கற்றுத் தந்ததும் அதுதான். நெரிசலான காலை நேரத்தில் காது தனக்கு வேண்டியதை மட்டுமே கேட்கும். நாம் எதிர்பார்த்த சொற்களில் பாதி வந்துவிட்டால் மீதியை மனமே நிரப்பிக்கொள்ளும்.

தரையில் நகரும் விமானங்களைத் திரையில் காட்டும் தரை ரேடாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த உரையாடல் முழுமை பெறாது. மூடுபனி நாளில் கோபுரத்தின் கண்ணாடிக்கு வெளியே வெண்மை மட்டும்தான் தெரியும். ஓடுபாதையும் தெரியாது, விமானமும் தெரியாது. ரேடார் இல்லையென்றால் விமானிகள் வாயால் சொல்லும் இடத்தை வைத்து மனத்துக்குள் ஒரு வரைபடம் வரைந்து அதில் அவர்களை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். லினாட்டேயில் பழைய தரை ரேடார் 1999இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது; அதற்குப் பதிலாக வாங்கப்பட்ட புதிய கருவி விபத்து நாள்வரை பயன்பாட்டுக்கு வரவில்லை. ஓடுபாதைக்குள் எதுவும் நுழைந்தால் எச்சரிக்க வேண்டிய உணரிகளும் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன. அப்படிப்பட்ட நிலையில், ஒரு விமானி சொல்லும் குறியீட்டை என் வரைபடத்தில் காண முடியாவிட்டால் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த விமானத்தை அசையாமல் நிறுத்திவிட்டு, ஓடுபாதையில் மற்ற இயக்கங்களையும் நிறுத்துவது. இதைச் சொல்வது எளிது. புறப்பாட்டு வரிசை நீண்டுகொண்டே போகும்போது, 'நீங்கள் சொல்லும் இடம் எனக்குத் தெரியவில்லை' என்று அலைவரிசையில் எல்லாரும் கேட்கச் சொல்வது எளிதல்ல.

இன்னொன்று. ரோமியோ 6இல் ஓடுபாதைக்கு முன்பாகச் சிவப்பு விளக்கு வரிசை இருந்தது. ஆனால் கோபுரத்திலிருந்து அதை ஏற்றவோ அணைக்கவோ வழியில்லை. அது எப்போதும் எரிந்துகொண்டே இருந்தது. அனுமதி கிடைத்தவர்களும் சிவப்பைத் தாண்டித்தான் போக வேண்டும் என்ற நிலை எங்கே இருக்கிறதோ, அங்கே சிவப்புக்கு மதிப்பு இல்லை. நிறுத்த விளக்கு என்ற ஏற்பாட்டின் உயிரே, அனுமதி கொடுக்கும் கைதான் விளக்கையும் அணைக்கும் என்பதில் இருக்கிறது. சொல்லும் விளக்கும் ஒத்துப்போகாவிட்டால் விமானி நிற்க வேண்டும். அதற்காகவே இரண்டு வைத்திருக்கிறோம்.

வலப்பக்க இருக்கை

நான் உள்நாட்டுச் சேவையில் ஏ320 துணை விமானி. டில்லியில் டிசம்பர், சனவரி மாதங்களில் இந்த நிலைமையை நேரடியாகச் சந்திக்கிறோம் என்பதால் காக்பிட் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

பயணிகள் தானியங்கித் தரையிறக்கத்தைத்தான் பெரிய வித்தையாகப் பேசுகிறார்கள். உண்மையில் அந்தக் கட்டத்தில் கருவிகள் விமானத்தை ஓடுபாதையின் நடுக்கோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன. அதன் பிறகு டாக்ஸி செய்வது முழுவதும் மனிதக் கண்ணாலும் கையாலும் நடப்பது. தானியங்கியை விலக்கிவிட்டு ஓடுபாதையைவிட்டு வெளியேறும் அந்த நொடியிலிருந்துதான் எனக்கு உண்மையான பதற்றம் தொடங்குகிறது.

காண்புநிலை அளவைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. நமக்கு அறிவிக்கப்படும் ஓடுபாதைக் காண்புநிலை, ஓடுபாதையின் ஓரத்தில் வைக்கப்பட்ட கருவிகள் அளப்பது; ஓடுபாதையின் செறிவுமிக்க விளக்குகள் எவ்வளவு தூரம் தெரியும் என்பதைக் கணக்கில் கொண்டு சொல்லப்படுவது. டாக்ஸிவேயின் பச்சை விளக்குகள் அந்த அளவுக்கு ஒளி மிக்கவை அல்ல. எனவே 200 மீட்டர் என்று அறிவிக்கப்பட்ட காலையில் டாக்ஸிவேயில் அடுத்தடுத்த சில பச்சை விளக்குகள் மட்டுமே கண்ணுக்குத் தென்படுவது இயல்பு. அதற்கு மேல், விமானத்தின் மூக்கு தனக்கு முன்னால் உள்ள தரையின் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. போயிங் 747 போன்ற உயரமான காக்பிட்டில் அமர்ந்திருப்பவருக்கு மறையும் பகுதி இன்னும் நீளம். முகப்பு விளக்கை முழுதாகப் போட்டால், பனி மூடிய மலைப்பாதையில் காரின் ஹை பீம் போட்டதுபோல் ஒளி திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். ஆகையால் பலர் அதைக் குறைத்தே வைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் நடைமுறை என்னவென்றால், நகரும்போது செக்லிஸ்ட் வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டுமானால் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு நின்றுவிட்டு வாசிக்கிறோம். ஒருவர் வெளியே பார்த்து ஓட்டுகிறார். மற்றவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு, வரவிருக்கும் திருப்பத்தை அதற்கு முன்பே சொல்கிறார். ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் திசைகாட்டியை வரைபடத்துடன் ஒப்பிடுகிறோம். லினாட்டேயைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடைசிப் பழக்கம்தான் நினைவுக்கு வருகிறது. வடக்கே போக வேண்டிய விமானத்தில் திசைகாட்டியின் எண் வேறொன்றைக் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

இப்போது எங்கள் மின்னணு வரைபடத்தில் விமானத்தின் இடம் ஒரு சிறு உருவமாக நகர்வதைக் காண முடிகிறது. பெரிய உதவிதான். ஆனால் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆசையை அது தூண்டுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏப்ரன் ஊழியன்

தரைப்பணியாளர்களின் பக்கமும் ஒன்று உண்டு. கடும்பனி நடைமுறைகள் அமலுக்கு வந்ததும், இன்றியமையாத வாகனங்களைத் தவிர மற்றவை ஓடுபாதைப் பகுதியிலிருந்து விலக்கப்படும். நடந்து கொண்டிருக்கும் கட்டுமானப் பணிகளும் நிறுத்தப்படும். 'ஃபாலோ மீ' ஜீப்பின் பின்னால் விமானம் வரும்போது ஓட்டுநருக்குப் பொறுப்பு மிகுதி. அவர் வழி தவறினால் இருவரும் சேர்ந்தே தவறுவார்கள். சென்னையில் எங்களுக்கு டில்லி அளவுக்குப் பனி கிடையாது. ஆனால் போகி விடியலில் எரிப்புப் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களைத் தாமதப்படுத்தியதும் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட வைத்ததும் பலமுறை நடந்துள்ளன.

லினாட்டேயில் எனக்கு ஆறாத இடம் வேறு. பயணப்பொதிக் கட்டடம் தீப்பற்றி எரிந்துகொண்டிருக்க, செஸ்னாவும் மோதலில் சிக்கியது என்பதையே கட்டுப்பாட்டாளர்களும் மீட்புக் குழுவினரும் நெடுநேரம் அறியவில்லை. அதன் சிதைவு ஓடுபாதையிலேயே கிடந்தது. பனி அவ்வளவு மறைத்திருந்தது.

மேகவாசி

அனைவருக்கும் நன்றி. கோபுரம்_ஓய்வு ஐயா சொன்ன 'தெரியவில்லை என்று சொல்வது' என்ற கருத்தைத் தொடர்ந்து, அமெரிக்காவில் நடந்த இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, 1990 டிசம்பர் 3, டெட்ராய்ட். நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் டிசி-9 விமானம் பனியில் தான் திரும்ப வேண்டிய டாக்ஸிவேயைத் தவறவிட்டு, பயன்பாட்டில் இருந்த ஓடுபாதைக்குள் போய்விட்டது. அதே நிறுவனத்தின் போயிங் 727 புறப்பாட்டு ஓட்டத்தில் அதன்மீது உரசிச் சென்றது. டிசி-9இல் இருந்தவர்களில் 8 பேர் இறந்தனர். தலைமை விமானி நீண்ட மருத்துவ விடுப்புக்குப் பிறகு அண்மையில்தான் பணிக்குத் திரும்பியிருந்தார். துணை விமானி அந்த விமான நிலையத்தைத் தமக்கு நன்றாகத் தெரியும் என்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார். யார் வழிநடத்துகிறார், யார் பின்பற்றுகிறார் என்பதே காக்பிட்டில் தலைகீழாகிவிட்டது. தாங்கள் வழி தவறிவிட்டோம் என்ற ஐயம் அவர்களுக்குள் முன்பே எழுந்துவிட்டது. ஆனால் ஓடுபாதையில் நிற்கிறோம் என்ற செய்தி கோபுரத்துக்குத் தெளிவாகச் சென்று சேர்ந்தபோது நேரம் மிஞ்சவில்லை.

இரண்டாவது, 1999 டிசம்பர் 6 இரவு, பிராவிடன்ஸ். யுனைடெட் நிறுவனத்தின் 1448 என்ற விமானம் இறங்கிய பின் பனியில் வழி தவறி, மீண்டும் ஓடுபாதைக்கே வந்துவிட்டது. அங்கும் தரை ரேடார் கிடையாது. விமானிகள் தாங்கள் ஓடுபாதையில் இருப்பதாகச் சொல்லியும், கட்டுப்பாட்டாளர் அவர்கள் வேறெங்கோ இருப்பதாகவே நம்பினார். ஒரு ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் அவர்களுக்கு அருகே பேரொலியுடன் புறப்பட்டுச் சென்றது. அதன் பிறகும் வரிசையில் நின்ற மெட்ரோஜெட் 2998க்குப் புறப்பட அனுமதி கொடுக்கப்பட்டது. அந்த விமானி மறுத்துவிட்டார். யுனைடெட் விமானம் எங்கே இருக்கிறது என்பது உறுதியாகும்வரை நகர மாட்டேன் என்று நின்றார். யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

என் பார்வையில், மூடுபனித் தரையோட்டத்தில் உயிர் காப்பது வழி தவறாத திறமையைவிட, வழி தவறியதும் ஓடுபாதை முழுவதையும் நிறுத்திவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான். பிராவிடன்ஸில் அந்த அதிகாரம் முறைப்படி கட்டுப்பாட்டாளரிடம் இருந்தது. நடைமுறையில் காத்துநின்ற மூன்றாவது ஆளின் கைக்குப் போனது.

எதிர்க்கேள்வி

பிராவிடன்ஸ் எடுத்துக்காட்டு வலுவானது. ஆனால் மூன்றாவது விமானியின் துணிச்சலை நம்பிப் பாதுகாப்பு முறையை அமைக்க முடியாது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் பான் ஆம், கேஎல்எம் நிறுவனங்களின் இரு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். அங்கும் ஓடுபாதையைத் திரைபோல் மறைத்த மேகம். அங்கும் தரை ரேடார் இல்லை. பான் ஆம் விமானம் மூன்றாவது வெளியேறு வழியில் திரும்பச் சொல்லப்பட்டது. அந்த வழி ஏறக்குறைய பின்னோக்கித் திரும்புமளவுக்கு வளைந்தது. 747 போன்ற பெரிய விமானத்துக்கு அது மிகக் கடினம். அவர்கள் அதைத் தாண்டி நான்காவதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதே கேஎல்எம் விமானம் புறப்பாட்டு ஓட்டத்தைத் தொடங்கிவிட்டது. 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று பான் ஆம் சொன்னது. அதே நொடியில் கோபுரமும் பேசியதால், கேஎல்எம் காக்பிட்டில் அது கீச்சொலியாக மட்டுமே கேட்டது. இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகும், இடையே 1983இல் மாட்ரிட்டில் மூடுபனியில் மோதிய இரு விமானங்களில் 93 பேர் இறந்த பிறகும், லினாட்டே ரேடார் இல்லாமல்தான் இயங்கியது. ஆகவே எல்லா நிலையங்களிலும் கருவிகளைக் கட்டாயமாக்குவதே தீர்வு என்பேன். மனத்துணிவைப் பற்றிய பேச்சு அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கோபுரம்_ஓய்வு

கருவிகள் வேண்டும் என்பதில் என்னைவிடப் பிடிவாதமானவர் இருக்க முடியாது. இன்று பெரிய நிலையங்களில் தரை ரேடாருடன், விமானத்தின் அடையாளத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி அனுப்பும் சைகையைப் பல இடங்களில் பிடித்து இடத்தைக் கணிக்கும் முறையும் இணைந்திருக்கிறது. திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் அழைப்புப் பெயர் இருக்கும். லண்டன் ஹீத்ரோவிலும் சிங்கப்பூர் சாங்கியிலும் செல்ல வேண்டிய வழியின் பச்சை விளக்குகளை மட்டும் ஏற்றி, 'பச்சையைப் பின்தொடருங்கள்' என்று சொல்லிவிடுகிறார்கள். லினாட்டேயில் அப்படி ஒரு வசதி இருந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

இருந்தாலும் 2024 சனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் நடந்ததைப் பாருங்கள். பனி இல்லை, தெளிவான இரவு. கடலோரக் காவற்படையின் சிறிய விமானம் அனுமதியின்றி ஓடுபாதைக்குள் வந்து ஏறத்தாழ நாற்பது நொடிகள் நின்றது. தரையிறங்கிய ஏ350 அதன்மீது மோதியது. பெரிய விமானத்தின் 379 பேரும் தப்பினர். சிறியதில் ஐவர் இறந்தனர். ஓடுபாதையில் ஆள் இருப்பதைக் கட்டுப்பாட்டாளரின் திரை எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அங்கிருந்த நிறுத்த விளக்கு வரிசை பராமரிப்புப் பணிக்காக அப்போது அணைக்கப்பட்டிருந்தது. பணி இல்லாவிட்டாலும், காண்புநிலை குறைந்த நேரங்களுக்கென்றே அது வைக்கப்பட்டிருந்தது. தெளிவான வானிலையில் கண் போதும் என்ற அந்த எண்ணத்தை நான் ஏற்பதில்லை. இரவோ பகலோ, பனியோ வெயிலோ, ஓடுபாதைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் விளக்கு எரிந்து அணைய வேண்டும்.

எனவே நண்பரே, கருவியா துணிவா என்ற தேர்வு நம்முன் இல்லை. கருவி சொல்வதைக் கேட்டு நிறுத்துவதும் ஒருவர் செய்ய வேண்டிய செயல்தான். லினாட்டே வழக்கில் 2004இல் மிலான் நீதிமன்றம் கட்டுப்பாட்டாளரோடு நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்களுக்கும் தண்டனை விதித்தது. பணியிலிருந்த எங்களில் பலர் அந்தத் தீர்ப்பை இருவகை உணர்வோடு வாசித்தோம். ரேடார் இல்லாமல் உட்காரவைக்கப்பட்டவருக்கும் சிறை என்பதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பொறியியல் மாணவி

தொடர்ந்து வாசித்து வருகிறேன், ஒரு ஐயம். எரியும் சிவப்பு வரிசையை அனுமதி இருந்தாலும் தாண்டக் கூடாது என்கிறீர்கள். அந்த விளக்கு பழுதாகி அணையவே மறுத்தால், பின்னால் நிற்கும் விமானங்களின் நிலை என்ன? மறுபடியும் லினாட்டேயின் 'எப்போதும் எரியும் சிவப்பு' நிலைக்கே வந்துவிடுவோம் அல்லவா?

வலப்பக்க இருக்கை

நல்ல கேள்வி. கோபுரம் 'நுழையுங்கள்' என்று சொல்லி, சிவப்பு எரிந்துகொண்டிருந்தால், நாங்கள் நின்றுகொண்டு விளக்கு எரிவதைத் தெரிவிக்கிறோம். பெரும்பாலும் கட்டுப்பாட்டாளர் பொத்தானை அழுத்த மறந்திருப்பார். அணைத்துவிட்டு மறுபடியும் அனுமதி சொல்வார். ஆனால் அரிதாக, நாங்கள் வேறொரு டாக்ஸிவேயின் நிறுத்தக்கோட்டில் நின்றுகொண்டிருக்கலாம். அவர் அணைத்தது அங்கே, நாங்கள் நிற்பது இங்கே. அணையாத சிவப்பு எங்களுக்குச் சொல்லும் முதல் செய்தி இதுதான். பழுது என்ற எண்ணம் அதற்குப் பிறகே வர வேண்டும்.

உண்மையிலேயே பழுது என்று உறுதியானால், முதல் தெரிவு வேறு வழியாக அனுப்புவது. அதற்கு வாய்ப்பில்லையென்றால், முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட மாற்று நடைமுறை அமலுக்கு வரும்: எந்த இடத்தின் விளக்கு பழுது என்பதைப் பெயர் சொல்லிக் கோபுரம் அறிவிக்கும், தேவையானால் ஜீப் வந்து விமானத்தை அழைத்துச் செல்லும். வெறும் 'பரவாயில்லை, தாண்டி வாருங்கள்' என்ற சொல்லுக்கு நாங்கள் நகர மாட்டோம். ஒரு குளிர்காலக் காலையில் எங்கள் முன்னால் நின்ற விமானம் இப்படி ஜீப்புக்காகக் காத்திருந்தபோது, அதன் பின்னால் நாங்களும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க எரிபொருள் அளவைப் பார்த்தபடி இருந்தோம். பயணிகள் பக்கத்திலிருந்து கேள்விமேல் கேள்வி வந்தது. தலைமை விமானி அறிவிப்பில் காரணத்தை ஒளிக்காமல் சொன்னார்: முன்னால் ஒரு சிவப்பு விளக்கு அணையவில்லை, அது அணையும்வரை யாரும் போகப்போவதில்லை.

பொறியியல் மாணவி

நன்றி ஐயா. அப்படியானால் அவர் அணைத்த விளக்கும் விமானம் நிற்கும் இடமும் ஒன்றுதானா என்பதைக் கோபுரத்தின் திரையே ஒப்பிட்டுச் சொல்லும் வசதி இருக்கிறதா?

கோபுரம்_ஓய்வு

இருக்கிறது. தரைக் கண்காணிப்புத் திரையுடன் விளக்குக் கட்டுப்பாட்டை இணைத்துள்ள நிலையங்களில், எரியும் நிறுத்த விளக்கை ஒரு விமானம் தாண்டினால் உடனே எச்சரிக்கை ஒலிக்கும். இணைக்காத நிலையங்களில் பலகையில் விளக்கும், திரையில் விமானமும் தனித்தனியே இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்ப்பவர் நாற்காலியில் இருப்பவர்தான். அடுத்த முறை எந்த நிலையத்தின் புதிய கோபுரத்தைப் பற்றிச் செய்தி வந்தாலும், அதன் உயரத்தைப் பற்றி எழுதுகிறார்களா, இந்த இணைப்பைப் பற்றி எழுதுகிறார்களா என்று நான் தேடிப் பார்ப்பேன். இதுவரை உயரத்தைப் பற்றித்தான் வாசித்திருக்கிறேன்.